முந்திரியும் மரக்காலும்

முந்திரி என்றால் இன்று நமக்கு நினைவுக்கு வருவது பருப்பு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் விரல் வைத்த தமிழ்ப் பிள்ளைக்கு அது ஓர் எண். ஒன்றை 320 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு முந்திரி. முந்திரியும் முந்திரியும் சேர்ந்தால் அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி, இரண்டு காணி அரைமா, இரண்டு அரைமா ஒரு மா என்று பொன்னிலக்கம் படிப்படியாக ஏறும். மா என்பது இருபதில் ஒன்று. இன்னொரு பக்கத்தில் அரை, கால், அரைக்கால், வீசம் என்று ஒன்றைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும் வரிசை. அந்த முந்திரியையே எடுத்து மறுபடி 320 பங்கு போட்டால் கீழ்முந்திரி. அது 1,02,400இல் ஒரு பங்கு. பால் மணம் மாறாத பிள்ளைகள் இதையெல்லாம் ராகம் போட்டு, விடியற்காலையிலும் அந்தியிலும், வருஷக் கணக்கில் சொன்னார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வரி, மூன்று வரி என்று ஊட்டப்பட்ட இந்தப் பாடம் அவர்களை எப்படிப்பட்ட மனிதர்களாக ஆக்கியது? பெரிய நூல்களும் பெரிய உபதேசங்களும் செய்யாத வேலையை இந்தத் துண்டு துண்டான அன்றாடப் பயிற்சி செய்தது என்று நான் நினைக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்தவனோடு அந்த வேலை நிற்கவில்லை. திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவனையும் அது வார்த்தது.

திண்ணைப் பள்ளியின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதற்கு நல்ல சாட்சிகள் இருக்கின்றன. 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் தம் இளமைக் காலப் பள்ளியைப் பற்றி ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். பொழுது புலர்வதற்கு முன்பே பிள்ளைகள் வந்துவிட வேண்டும். முதலில் மணலில் எழுத்து, கை பழகிய பிறகு ஓலையும் எழுத்தாணியும். அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி, பிரதமை என்று சந்திரனை ஒட்டி விடுமுறை. மாலையில் வீடு திரும்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு மிருகம், ஓர் ஊர் என்று ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் மறக்காமல் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தச் சின்னப் பழக்கம் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. ஒரே ஒரு சொல், ஓர் இரவு முழுவதும் பிள்ளையின் மனத்தில் தங்கிவிட்டு வருகிறது. அந்தச் சொல்லில் பாரம் இல்லை. ஆனால் ஒப்படைத்ததைப் பத்திரமாகத் திருப்பித் தரும் பழக்கம் அதில் இருக்கிறது. வாயால் சொன்னதைக் கொண்டே கொடுக்கல் வாங்கல் நடந்த ஒரு சமூகத்துக்கு, ஓலைக்கு முன்பே நினைவு சாட்சியாக நின்ற ஒரு சமூகத்துக்கு, இதைவிடப் பொருத்தமான பயிற்சி இருக்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு வெளியிலும் இந்த முறை பரவியிருந்தது. 1623இல் கன்னட நாட்டின் மலைப்பகுதி வழியாகப் பயணம் செய்த இத்தாலியரான பியத்ரோ தெல்லா வல்லே, ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் கணக்குப் படிப்பதைக் கண்டார். ஆசிரியர் அங்கே இல்லை. ஒருவன் பாடத்தின் ஒரு பகுதியை ராகமாகச் சொல்லிக்கொண்டே தரையில் பரப்பிய நுண்மணலில் விரலால் எழுதுகிறான்; மற்றவர்களும் கூடவே சொல்லி எழுதுகிறார்கள்; தரை நிறைந்ததும் அழித்துவிட்டு மறுபடி மணல் தூவுகிறார்கள். தப்பு நேர்ந்தால் யார் திருத்துவார் என்று அவர் கேட்டதற்கு, நான்கு பேரும் ஒரே இடத்தில் ஒன்றாக மறப்பது நடக்காது, ஒருவன் தவறினால் இன்னொருவன் திருத்துவான் என்று பிள்ளைகள் பதில் சொன்னார்களாம். கூட்டமாக ஒப்பிப்பதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று தள்ளிவிடுகிறவர்கள் இந்தப் பதிலைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். தன் நினைவு தவறக்கூடும் என்பதையும், பக்கத்தில் இருப்பவனின் நினைவு தன்னைக் காக்கும் என்பதையும் அந்தச் சிறுவர்கள் அறிந்திருந்தார்கள். அதை யாரும் அவர்களுக்கு உபதேசமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தினமும் சேர்ந்து சொல்லிச் சொல்லி அது அவர்களுக்குள் இறங்கியிருந்தது.

ஆனாலும் மனப்பாடத்தின் மீதான குற்றச்சாட்டு பழையது, வலுவானது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஊரிலேயே பழமொழி உண்டு. 1823இல் பல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்பெல் தம் ஜில்லாப் பள்ளிகளைப் பற்றிச் சென்னை அரசுக்கு எழுதிய அறிக்கையில், பிள்ளைகள் படிக்கும் செய்யுள்கள் பேச்சு மொழியிலிருந்து வெகுதூரம் விலகியவை, பொருள் தெரியாமலே அவற்றை உருப்போடுகிறார்கள் என்று குறைப்பட்டார். அதை மறுக்க முடியாது. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் சொல்லித் திரிந்த பல பிள்ளைகளுக்கு அவற்றில் பாதியின் பொருள் நெடுநாள் கழித்தே விளங்கியிருக்கும். சிலருக்கு விளங்காமலே போயிருக்கும். ஆனால் இங்கே இரண்டு விதமான மனப்பாடங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீதி நூல்கள் பிற்காலத்துக்காகச் சேமித்து வைக்கப்பட்டவை. வாய்ப்பாட்டு நூலான எண்சுவடி அப்படியல்ல, அன்றைக்கே கைக்கு வந்தது. மா என்று சொன்ன பிள்ளைக்கு மா என்பது வெறும் பின்னமாக இல்லை. தஞ்சைத் தரணியில் ஒரு வேலி நிலத்தின் இருபதில் ஒரு பங்குக்கும் மா என்றே பெயர். காணியும் அப்படித்தான், எண்பதில் ஒன்று என்ற எண்ணுக்கும் நிலத்துக்கும் அதே சொல், நிலத்தின் மீதுள்ள உரிமைக்குக் காணியாட்சி. அப்பனுடைய வயலும் ஆசிரியருடைய வாய்ப்பாடும் ஒரே சொல்லில் சந்தித்துக்கொண்டன.

நெல்லளவைகளின் வாய்ப்பாடான நெல்லிலக்கத்தில் இது இன்னும் தெளிவு. 360 நெல்மணி ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி ஒரு கலம். கணக்குப் போட்டால் ஒரு நாழிக்கு 14,400 நெல், ஒரு கலத்துக்கு 96 நாழி. இந்த ஏணியின் கீழ்ப்படி ஒற்றை நெல்மணி என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணிப் பார்க்கவே முடியாத அளவுக்குக் குவிந்த நெற்பொலியை ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் அடங்கும் மணியோடு இணைத்துவிட்டது வாய்ப்பாடு. அதோடு எண்சுவடியில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அந்தப் பகுதியில் வரும் விடைகளையெல்லாம் கூட்டினால் என்ன தொகை வரும் என்பதையும் செய்யுளாகக் கொடுத்திருப்பார்கள். இடையில் ஒரு வரி தவறியிருந்தால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும். பொருளறியாத கூச்சலுக்கு இப்படி ஒரு காவல் தேவைப்பட்டிருக்காது. பழைய கணக்கு நூலான கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளையின் எண்ணிக்கை சொல்லும் வழி ஒன்று உண்டு: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். எல்லாப் பழத்துக்கும் இது பொருந்தாமல் போகலாம். ஆனால் பழத்தைப் பார்த்ததும் கண் தானாக முள்ளை எண்ணத் தொடங்கும் ஒரு மனிதனை அது உருவாக்கிவிடுகிறது. பார்வையே மாறுகிறது. அன்றாடப் பாடம் நம்மை மாற்றுகிறது என்று சொல்லும்போது நான் கருதுவது இந்த மாற்றத்தைத்தான்.

பாடத்தை மறந்துவிட்டுப் பயிற்சி முறையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்துப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால் ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனை அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். 1797இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரோடு அது பரவியது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்பில் தொடங்கப்பட்ட தேசியச் சங்கம் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அதைக் கைக்கொண்டது. பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழியைத் தாமே கண்டுபிடித்ததாகப் பெல் கருதினார். ஆனால் காம்பெல், அது இந்நாட்டுப் பள்ளிகளில் இருப்பதுதான், இங்கிலாந்து அதைப் பின்பற்றியது சரியே என்று எழுதினார். இந்த முன்னுரிமைச் சண்டையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நம் ஊரில் சட்டாம்பிள்ளை ஒருவன் பத்துப் பதினைந்து பிள்ளைகளை மேய்த்தான். பாடத்தின் மறுமுனையில் வயலும் களமும் கடைத்தெருவும் இருந்தன. இங்கிலாந்திலோ ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசை வரிசையாக அமர்த்தப்பட்டார்கள். மணல் அதே மணல், ஆனால் அளவைகள் கூடப் போகவில்லை. அந்தப் பிள்ளைகள் நாள்தோறும் முதலாவதாகக் கற்றது, மணி அடித்ததும் எழுவதும் சைகை கண்டதும் உட்காருவதும்தான். பாடத்தின் பொருள் மெலிந்துபோனால் பயிற்சியின் வடிவமே பாடமாகிவிடுகிறது.

இதே நீதியை நம் திண்ணைக்கும் வழங்க வேண்டும். அங்கேயும் வடிவம் ஒரு பாடம் நடத்திக்கொண்டிருந்தது, அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. பல்லாரியில் காலையில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதினார்கள், இரண்டாமவனுக்கு ஒரு சுழி, மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு வந்தவர்களுக்கு ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போனது. தமிழ்ப் பள்ளிகளில் கோதண்டம் போட்டார்கள். பிள்ளையின் இரு கைகளையும் மேலே கட்டிய கயிற்றில் கோத்துத் தொங்கவிடும் தண்டனை அது. மனிதனை மாற்றியது பாடமா பிரம்பா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. இரண்டும் சேர்ந்தே மாற்றின என்பதுதான் என் பதில். பயமும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்பிக்கப்பட்டது. சட்டாம்பிள்ளை என்ற சொல் இன்று பிறரை அதட்டி ஆளும் ஆளுக்குப் பெயராகி நிற்கிறது. மேலே இருப்பவனுக்கு அடங்குவதும் கீழே இருப்பவனை அதட்டுவதும் அதே திண்ணையில் பழகப்பட்டன என்பதற்கு மொழியே சாட்சி சொல்கிறது.

அடுத்தது இன்னும் பெரிய மறுப்பு: இந்தத் திண்ணையில் எத்தனை பேருக்கு இடம் இருந்தது? 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்துக் கலெக்டர்கள் எல்லாரிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826இல் தொகுத்தபோது ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகத் தெரிந்தது. இந்த அட்டவணைகளை 1983இல் ஆய்வாளர் தரம்பால் முழுமையாக வெளியிட்டார். தமிழ் ஜில்லாக்களில் பிராமணர்களைவிடச் சூத்திரர் என்ற தலைப்பின் கீழ் வந்த பிள்ளைகளே பெரும்பான்மை என்று அவர் சுட்டிக்காட்டியது, பழைய கல்வி ஒரே சாதியின் கையில் இருந்தது என்ற எண்ணத்தை உடைத்தது. அது முக்கியமான திருத்தம். அதை நான் ஏற்கிறேன். ஆனால் அதே அட்டவணையில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. பறையர், பள்ளர், சக்கிலியர் என்று தனிக் கட்டமே அங்கு இல்லை. பிராமணர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் நீங்கலாக மற்ற எல்லாரும் ஒரே தலைப்பில் அடங்கிவிட்டார்கள். திண்ணை என்பது வீட்டின் வெளிப்புறம்தான். ஆனாலும் அதன் மீது ஏறி உட்கார எல்லாருக்கும் அனுமதி இருந்ததில்லை. அதே விடியற்காலையில், அதே வயதில், சேரியிலிருந்து மாடு மேய்க்கப் புறப்பட்ட பிள்ளையின் காதிலும் அந்தப் பாட்டு விழுந்திருக்கும். அவனுக்கும் அன்றாடப் பாடம் உண்டு. எந்தத் தெருவில் நடக்கலாம், யார் எதிரே வந்தால் ஒதுங்க வேண்டும், துண்டு தோளில் இருக்கலாமா இடுப்புக்கு வர வேண்டுமா, கூலி வாங்கும்போது எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பவையே அந்தப் பாடங்கள். அவற்றுக்குச் சுவடி கிடையாது, ஆசிரியர் கிடையாது. ஊர் முழுவதும் சேர்ந்து சொல்லிக்கொடுத்தது. திண்ணைப் பள்ளியைக் கொண்டாடி எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது பள்ளியைச் சேர்த்து எழுதாவிட்டால் பாதி வரலாற்றை விட்டுவிடுகிறார்கள்.

மனிதர்களை மாற்ற விரும்பியவர்கள் எல்லாரும் முதலில் கைவைத்தது இந்தச் சிறு பாடங்களில்தான் என்பது என் வாதத்துக்கு இன்னொரு சான்று. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளின் பலத்தை நேரில் கண்ட ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பெரிய வாதநூல்களை எழுதியதோடு நிற்காமல், பிள்ளைகளுக்காகப் படிப்படியாக ஏறும் பாலபாடங்களை எளிய உரைநடையில் எழுதி அச்சிட்டார். ஒப்பிக்கும் செய்யுளின் இடத்தில் வாசித்து விளங்கிக்கொள்ளும் வாக்கியம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1860களிலிருந்து, பரிசோதனையில் தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்கு அரசு உதவிப் பணம் கொடுத்தது. ஆசிரியரை வாழவைக்கப் பெற்றோர் கொடுத்த நெல்லும் மகாநவமிக்குப் பிள்ளைகள் கோலாட்டம் போட்டுத் திரட்டிய காசும் போதாத நிலையில், இன்ஸ்பெக்டர் கேட்கும் கேள்வியே திண்ணையின் பாடமாயிற்று. 1894இல் பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் சென்னையில் பறையர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். சுவடியே இல்லாமல் ஊர் கற்பித்த அந்த இரண்டாவது பாடத்துக்கு எதிராக ஒரு கரும்பலகை நிறுத்தப்பட்டது. பாரதியும் புதிய தமிழனை உருவாக்க நினைத்தபோது ஔவையின் வடிவத்தையே கடன் வாங்கிப் புதிய ஆத்திசூடி எழுதினார். கருத்தில் எதிர்த்திசை, ஆனால் அகர வரிசையும் குறுவரியும் அப்படியே. பழைய பழக்கத்தைப் பெயர்க்க அதே அளவிலான புதிய பழக்கம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இவற்றையெல்லாம்விடப் பஞ்சமும் ஆட்சி மாற்றமும்தானே மக்களை மாற்றின என்று சொல்லலாம். அவை மக்களைச் சிதறடித்தன, பள்ளிகளை மூடின. நாடு வறுமைப்பட்டதால்தான் பள்ளிகள் தேய்ந்தன என்று காம்பெல்லே எழுதியிருக்கிறார். ஆனால் பெரிய நிகழ்ச்சி உடைத்துப்போட்ட இடத்தில் புதிதாக என்ன வளர்கிறது என்பதை முடிவு செய்வது மறுநாள் காலையில் தொடங்கும் சிறு பழக்கமே. அப்படி வளர்ந்தது எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதை 1957 காட்டியது. அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. ரூபாய்க்கு நூறு பைசா என்று சட்டம் சொன்னது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் வந்து ஆழாக்கையும் உழக்கையும் கடையிலிருந்து வெளியேற்றின. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழைய கணக்கில் அணா என்பது வீசம், நாலணா கால், எட்டணா அரை. திண்ணையின் பின்னங்கள் காசாகப் புழங்கிக்கொண்டிருந்தன. அதனால்தான் சட்டம் மாறிய பிறகு பிறந்தவர்களும் ஐம்பது பைசாவை எட்டணா என்றும் இருபத்தைந்து பைசாவை நாலணா என்றும் பல்லாண்டுகள் சொன்னார்கள். எண்சுவடியைக் கண்ணால் கூடப் பார்த்திராதவர்களின் நாக்கில் அது குடியிருந்தது.

திண்ணைக்கு வெளியே நின்றவர்களின் கதைக்கு 1940களில் கிழக்குத் தஞ்சையில் ஒரு திருப்பம் வந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவின் தலைமையில் பண்ணையாட்கள் சங்கமாகத் திரண்டபோது, சவுக்கடியும் தண்டனையாகச் சாணிப்பால் புகட்டுவதும் ஒழிய வேண்டும் என்ற கோரிக்கையோடு, கூலியை முத்திரை மரக்காலால் அளக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். அரசு முத்திரையிட்ட மரக்கால் ஒரே அளவுள்ளது. பண்ணை வீட்டில் கூலிக்கென்று வைத்திருந்த மரக்கால் அதைவிடச் சிறியது. குறுணிக்கு எட்டு நாழி என்று அவர்கள் யாரும் திண்ணையில் உட்கார்ந்து பாடியவர்கள் அல்லர். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் களத்தின் ஓரத்தில் நின்று, குவித்து அளப்பதற்கும் வழித்து அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, சின்ன மரக்காலுக்கும் பெரிய மரக்காலுக்கும் உள்ள வேறுபாட்டை, வீட்டுக்குக் கொண்டுபோன நெல் எத்தனை நாளில் தீர்ந்தது என்பதைக் கொண்டு கற்றிருந்தார்கள். அடுப்படியில் உலை வைத்த பெண்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்கும். நெல் அளப்பவர் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போவது வழக்கம். அந்தக் குரலோடு கூடவே தாமும் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள், தோளில் துண்டோடு.